கும்பளங்கிக்கு வந்த பூநாரை

பக்கவாதம் வந்து இடதுகால் விளங்காமல் போனபிறகு அண்ணாவுக்குப் பறவைகள்தான் எல்லாம். மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து காலையில் அவனை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, இடக்கொச்சிக்கோ கும்பளங்கிக்கோ அழைத்துப்போய்ப் பறவை காட்டி, திரும்ப வீட்டில் விட்டுவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புவேன்.

போன மார்கழியில் கும்பளங்கியில், நீர் வற்றிய சேற்றில் ஒற்றைப் பூநாரை நின்றுகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அது வருவதே அபூர்வம். அண்ணா என் தோளை அழுத்திப் பிடித்தான். "பாத்தயா? நாமதானாக்கும் முதல்ல பாத்தது!" அங்கேயே நின்று படமெடுத்து, பறவை பார்க்கிறவர்களின் கைபேசிக் குழுவில் இடத்தோடு போட்டுவிட்டான்.

"எல்லாரும் வந்துடுவாளே அண்ணா" என்றேன்.

"வரட்டுமே. யார் கண்டுபிடிச்சான்னு தெரியட்டும்."

மறுநாள் நாங்கள் போனபோது வரப்பு முழுக்க ஆட்கள், நீளமான கேமராக்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தது. நிற்கும்போது அது வெறும் வெள்ளைதான். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்பு தெரியும். அந்தச் சிவப்புக்காக ஒருவன் கைதட்டினான். அது அசையவில்லை. "பறத்தெடா!" என்று அதைப் பறக்கவைக்கச் சொல்லி இன்னொருவன் கத்த, மண்ணாங்கட்டிகள் பறந்தன. அது எழுந்து ஒரு வட்டமடித்துவிட்டு உட்கார்ந்தது. மறுபடி எறிந்தார்கள். இரை தின்னவே விடவில்லை.

அண்ணாவும் ஸ்கூட்டரில் சாய்ந்தபடி கேமராவைத் தூக்கிக்கொண்டுதான் நின்றான்.

கடைசியில் பூநாரை களைத்துப்போய், பக்கத்தில் இறால் வளர்க்கும் குளமான கெட்டை நோக்கித் தாழப் பறந்தது. நீர்க்காகம் இறங்காமலிருக்க அந்தக் குளத்தின் மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் நரம்பு கட்டியிருந்தார்கள். சிறகும் கால்களும் அதில் சிக்கித் தலைகீழாகத் தொங்கியது. துடிக்கத் துடிக்க நரம்பு இறுகியது.

நான் செருப்பை உதறிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். கரையிலிருந்து ஒரு குரல் என்னை விலகச் சொன்னது: "சேச்சி, ஒந்நு மாறாமோ? ஃப்ரேமில் வருந்நு!" அதன் சாவைப் படமெடுக்க நான் மறைப்பாக இருந்தேன்.

விலகவில்லை. கெட்டுக்காரர் கத்தியோடு ஓடிவந்து நரம்பை அறுத்தார். என் கைகளில் விழுந்தபோது ஒரு கால் ஒடிந்து தோலில் ஊசலாடியது. கெட்டுக்காரர் வனத்துறையைக் கூப்பிட்டார். அவர்கள் வருவதற்குள் அதன் கழுத்து என் முழங்கைமேல் துவண்டுவிட்டது. சாக்கில் போட்டு எடுத்துப்போனார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணா தேம்பி அழுதான். பறவைக்காக என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனேன். கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். குழுவில் அந்தச் சிவப்புச் சிறகின் படம். கீழே குவிந்து கிடந்த பாராட்டுகள். முதலில் பார்த்தவர் என்று வேறு எவனோ ஒருவன் பேர்.

"என் பேரைப் போடலைடி" என்றான்.

"கொன்னவா பேரைப் போடறச்சே உன் பேரை முதல்ல போடச் சொல்றேன்."

தம்ளரைத் தட்டிவிட்டான். நான் துடைக்காமல் வந்துவிட்டேன்.

இந்தக் குளிர்காலமும் வந்துவிட்டது. காலையில் ஸ்கூட்டர் சாவியை நான் எடுக்கும் சத்தம் கேட்டால் அவன் தலை நிமிர்கிறது. நான் நேராக வேலைக்குப் போய்விடுகிறேன்.