பெரட்டுத் திடலில் ஒரு பாராட்டு

1943-ஆம் ஆண்டு, ஜப்பானியர் மலாயாவின் கெடா மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த காலம். பீடோங் கடைத்தெருவின் கோடியில் இருந்த கால்நடை மருத்துவ அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். சென்னையில் பட்டம் பெற்றுத் திரும்பி ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவன், போர் வந்து பள்ளியை மூடியதும் கிடைத்த வேலையில் ஒதுங்கினேன். அந்நாளில் நான் கண்ட ஒரு பாராட்டு விழாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை நிதானமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தின் தலைவரை ஊரார் 'மாட்டு டாக்டர்' என்பார்கள். அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். மருந்து வருவது நின்றுபோன பிறகும் அவர் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் பெண்களைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்துவார். கோமாரி கண்ட மாட்டின் குளம்பை உப்புத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது, எந்தக் காய்ச்சலில் செத்த மாட்டை எவ்வளவு பசியிலும் தொடக் கூடாது, கன்றுக்கு எவ்வளவு பால் விட்டுக் கறந்தால் வீட்டுக்கும் மிஞ்சும் என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் இருக்கும். மரவள்ளிக்கிழங்கைத் தின்று லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளைகள் வீங்கிச் செத்துக்கொண்டிருந்த நாளில், பசு உயிரோடு இருந்த வீட்டில் மனிதர்களும் உயிரோடு இருந்தார்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

எங்களையும் அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். காலையில் கஞ்சி குடிக்காதவனை வேலைக்கு அனுப்ப மாட்டார். வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்திவிட்டு, "இப்பத் திட்டித் தீத்துக்குங்க. வெளிய போனா வாயத் தொறக்கக் கூடாது" என்பார். ஊசி போடும் மலாய்க்காரரான பாக் லாங் மலாயில் தொடங்குவார். புண்ணுக்குக் கட்டுப் போடும், நாங்கள் எல்லாரும் 'அண்ணன்' என்று கூப்பிட்ட மூத்தவர் தமிழில் தொடங்கி, ராணுவ அதிகாரியைத் திட்டி, அரிசிப் பங்கீட்டைத் திட்டி, கடைசியில் என் கையெழுத்தையும் திட்டுவார். "பட்டம் வாங்கினவரு எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்குலா." சிரிப்போம். நோயில் கிடக்கும் பிராணிகளோடு நாள் முழுதும் இருப்பவன் அந்தத் துயரத்தை வீட்டுக்குச் சுமந்து போகக் கூடாது என்பது டாக்டரின் எண்ணம். மலேரியா எனும் குளிர்காய்ச்சல் அண்ணனை மாதக்கணக்கில் விடாமல் ஆட்டியபோது, அவர் பங்கு வேலையை டாக்டரே செய்தார்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ராணுவத்துக்கு வண்டிமாடுகள் பிடிக்கப்படும்போது டாக்டர் ஒவ்வொன்றையும் சோதிப்பார். நோயுள்ள மாட்டின் கொம்பில் ஊதா மருந்தைப் பூசுவோம். ஊதா பூசிய மாடு எல்லை தாண்டிப் போகாது. வேறு ஒரு வட்டாரத்திலிருந்து சோதிக்காமல் அனுப்பிய மாடுகள் வழியிலேயே நோய் பரப்பிச் செத்து, அதற்காக மேலிடத்தில் அடி வாங்கியவர் எங்கள் பகுதியின் ஜப்பானிய ராணுவ அதிகாரி. ஆகவே அந்த ஊதா நிறத்துக்கு மட்டும் அவர் மரியாதை கொடுத்தார். தோட்டத்தில் மாடு வைத்திருந்த எல்லாருக்கும் இது தெரியும்.

அந்த அதிகாரிதான் டாக்டருக்குப் பாராட்டு விழா எடுக்கப்போவதாக அறிவித்தார். சிறந்த சேவையாம். மாலையும் ஒரு துண்டுத் துணியும் பாராட்டுப் பத்திரமும் உண்டாம். இடம், சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரட்டுத் திடல். காலையில் வேலைக்காரர்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. அறிவிப்பைக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஊர்த் தமிழர், ஜப்பானிய மொழி படித்து மேலே வந்தவர். மீதியை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மாலை வாங்கிட்டு நீங்க ரெண்டு வார்த்தை பேசணும் டாக்டர். சயாம் ரயில்பாதை வேலைக்கு எல்லாரும் போகணும்னு. ஒங்க பேச்ச சனங்க கேப்பாங்க. ஒங்க ஆபீஸ்லேருந்து ஒரு ஆள், மொதல்ல நான் போறேன்னு முன்னால வரணும். அவருக்கும் ஒரு மாலை."

"யாரு?"

மொழிபெயர்ப்பாளர் அண்ணனைப் பார்த்தார். அதிகாரியே தேர்ந்தெடுத்துவிட்டாராம்.

எல்லை தாண்டிச் சயாமுக்கு முன்பு போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு சேதியும் வரவில்லை. ஆள் போன லயங்களில் அடுப்பு எரியவில்லை. எல்லாரும் அறிந்ததுதான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை கதவைச் சாத்தியபோது யாரும் திட்டவில்லை. அண்ணன் மட்டும், "மாலை போட்டுக் கூட்டிட்டுப் போறது ஆட்டுக்குத்தான் டாக்டர்" என்றார்.

விழா நாளில் திடல் நிறைந்திருந்தது. சுற்றிலும் சிப்பாய்கள். ஓரத்தில் காலி லாரிகள் நின்றன. பாராட்டு விழாவுக்கு எதற்கு லாரி? துப்பாக்கி காட்டி ஆள் பிடிப்பதைக்கூட நான் ஒருவாறு புரிந்துகொள்வேன், அது தன்னை மறைத்துக்கொள்வதில்லை. ஒரு நல்ல மனிதரின் பெயரைத் தூண்டில்புழுவாக மாட்டி, கைதட்டச் சொல்லி ஆள் பிடிப்பதை எந்தச் சொல்லால் சொல்வது?

டாக்டருக்கு மாலை விழுந்தது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கும் விழுந்தது. டாக்டரைப் பேசச் சொன்னார்கள். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினார்.

"அதிகாரிகிட்டக் கேளுங்க. உசுரு உள்ள எதையும் சோதிக்காம எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பக் கூடாதுன்னு அவருதான் எனக்கு உத்தரவு போட்டிருக்காரு. மாட்டுக்கு மட்டும்தானா, இவங்களுக்கும் உண்டா?"

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதிகாரி முதலில் முகம் சுளித்தார். பிறகு, மேலிடத்தில் வாங்கிய அடி நினைவுக்கு வந்ததோ என்னவோ, சிரித்தார். மாட்டைப் போலவே இவர்களையும் பார் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. ராணுவ மருத்துவ உதவியாளன் பக்கத்திலேயே நிற்பான். பூசிய ஒவ்வொருவரையும் அவனும் தொட்டுப் பார்ப்பான். நல்ல உடம்பில் ஒரு பூச்சைக் கண்டாலும் அத்தனை பூச்சும் செல்லாது, அண்ணன் முதல் லாரியில் ஏறுவார்.

டாக்டர் அண்ணனின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். குளிர்காய்ச்சலில் வீங்கிய மண்ணீரல் கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. உதவியாளனும் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினான். டாக்டர் ஊதா மருந்தை எடுத்து அண்ணனின் நெற்றியில் பூசினார். மாலை கழுத்தில் கிடக்க, நெற்றியில் ஊதாவோடு அண்ணன் மேடையிலிருந்து இறங்கினார்.

கூட்டத்துக்கு விளங்கிவிட்டது. யாரும் சொல்லாமலே ஆண்கள் வரிசையாக நின்று சட்டையைத் தூக்கினார்கள். பிள்ளை பெற்றவர்கள், பெரிய குடும்பத்தைத் தாங்கியவர்கள், நேற்றுவரை கங்காணியிடம்கூடத் தலை நிமிர்ந்து பேசியவர்கள், மாட்டுச் சந்தையில் நிற்பதைப் போல நின்றார்கள். சிப்பாய்கள் சிரித்தார்கள். மனிதனாக நின்று, "எனக்கு முடியவில்லை ஐயா" என்றால் காதில் வாங்காத ஓர் அரசாங்கம், மாடாக நின்றால் ஒதுங்கி வழிவிட்டது. பட்டம் வாங்கிய என் படிப்பு முழுவதும் அந்தத் திடலில் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. மருந்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரிசையில் ஓர் இளைஞர் வந்தார். அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைப் பாடங்களுக்கு ஒன்றுவிடாமல் வரும் ஓர் அக்காவின் தம்பி. அந்த அக்காவின் பசு கோமாரியில் விழுந்தபோது டாக்டர் தினமும் வந்து பார்த்து எழுப்பியிருந்தார். தம்பி சட்டையைத் தூக்கிக்கொண்டே, "எனக்குக் கொம்பும் இல்ல, நெத்தியும் சின்னது. எங்க பூசுவீங்க டாக்டர்?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

டாக்டர் விலாவுக்குக் கீழே அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். ஒன்றும் இல்லை. அந்தப் பசுவின் பாலைக் குடித்த உடம்பு அது. அந்தத் திடலிலேயே நோயற்ற உடம்பு அதுவாகத்தான் இருந்திருக்கும். அவரைச் சாகவிடாமல் காத்த சேவையே அன்று அவருக்கு எதிராக நின்றது.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஒரு சொட்டுதானே டாக்டர். பூசிவிடுங்க. எனக்கு வேற ஆள் இல்ல."

டாக்டரின் கை கிண்ணத்துக்கு வந்தது, அங்கேயே நின்றது. உதவியாளன் பார்த்துக்கொண்டிருந்தான். பூசப்பட்டவர்கள் திடலின் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பிதான் பேசினார். "விடுக்கா. எனக்குப் பூசினா அவங்க எல்லாரையும் ஏத்திருவானுங்க." சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, தானாகவே லாரிப் பக்கம் நடந்தார். சுகமாக இருந்த மற்றவர்களும் போனார்கள். டாக்டர் பேச வேண்டிய பேச்சைப் பேசவேயில்லை. பாராட்டுப் பத்திரத்தை அவர் வாங்கவில்லை என்பதற்காக அதே மேடையில் அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தார். மாலை அறுந்து விழுந்தது.

அண்ணன் பிழைத்தார். ஊதா பூசியவர்களில் பலர் பிழைத்தார்கள். அந்தத் தம்பி திரும்பவில்லை.

அதற்குப் பின் ஊர் பேசத் தொடங்கியது. டாக்டர் தன் ஆளைக் காப்பாற்றிக்கொண்டார், ஆள் பார்த்துப் பூசினார் என்று பாசார் கடைகளில் பேசினார்கள். அன்று திடலிலேயே இல்லாதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பலரோடு நான் சண்டை போட்டேன். லாரியைக் கொண்டுவந்தவனைப் பற்றிப் பேசப் பயம். மேடையில் அறை வாங்கிய டாக்டரைப் பற்றிப் பேச யாருக்கும் பயமில்லை. டாக்டர் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. காலையில் கஞ்சி குடித்தீர்களா என்று எங்களைக் கேட்பதையும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மட்டும் அவர் உட்காருவதில்லை. எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்.

ஜப்பானியர் போன பிறகு, அண்ணனும் தோட்டத்துக்காரர் சிலரும் சேர்ந்து டாக்டருக்கு உண்மையான ஒரு பாராட்டு செய்ய விரும்பினார்கள். கேட்கப் போனது நான். அவர், "அந்தப் பையனோட அக்கா வந்தா நான் வர்றேன். வரலைன்னா இந்தப் பேச்சு வேண்டாம்" என்றார்.

அக்காவைத் தேடிப் போனேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஊர் பேசுவதையெல்லாம் நீங்களும் நம்புகிறீர்களா என்றும் கேட்டேன். அவர் புல்லை உதறிக்கொண்டே சொன்னார்:

"ஊரு பேசறது எனக்கு எதுக்கு? நான்தான் கிட்ட நின்னேனே. டாக்டர் மேல கோவமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன் தம்பி. இருக்கு. அந்தக் கை நின்னுச்சு பாருங்க, அது இன்னும் கண்ணுல நிக்குது. ஆனா அந்தக் கோவத்த இவருக்கு ஒரு பங்கு, அண்ணனுக்கு ஒரு பங்குன்னு நான் பிரிச்சுக் குடுத்தா, என் தம்பியக் கொண்டுபோனவனுக்குக் கொறஞ்சிடும்லா. அவனுக்குக் கொறையக் கூடாது."

கீழே சிந்திய புல்லை அள்ளி மாட்டின் முன்னால் போட்டேன்.

அவர் வந்தார். ஒரு பள்ளிக்கூட அறையில், சிலர் மட்டும் கூடிய சின்னக் கூட்டம். டாக்டர் மாலைக்குத் தலை குனியவில்லை, கையில் வாங்கி மேசைமேல் வைத்தார். அண்ணன் பேச எழுந்து, "கஞ்சி" என்ற சொல்லுக்கு மேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அக்கா கடைசிப் பெஞ்சில் இருந்தார். டாக்டரும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் கலையும்போது அக்கா வாசலில் நின்று, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னார்:

"பசு சினையா இருக்கு. ரெண்டு நாளா புல் எடுக்கல. வந்து பாருங்க டாக்டர்."

டாக்டர் அப்போதே சைக்கிளை எடுத்தார்.

கால்நடை மருத்துவர்களின் சேவைக்காக, போதனைக்காக, உடன் உழைப்பவர்களைத் தாங்கியதற்காக இன்று நடக்கும் விழாக்களுக்கு நானும் அழைக்கப்படுகிறேன், மகிழ்ச்சியோடு போகிறேன். ஆயினும் மேடையில் மாலை விழும் கணத்தில் அந்தத் திடலும் லாரிகளும் எனக்குள் எழுந்துவிடுகின்றன. அந்தக் கோபத்தை, அக்கா சொன்னபடி, கைக்கு எட்டிய நல்லவர்கள்மேல் சிந்திவிடாமல் முழுதாக வைத்திருக்க வேண்டும் என்றே இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்.