கிழிந்திருந்தால் முடியாது

கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எல்லோரும் அவளை நகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மிக்ஸியோ மோட்டார் நாற்காலியோ, கம்பெனி தன் பொருளின் மூடித் திருகாணி மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும். வாங்கியவர் திறந்தால் அது கிழிந்துவிடும். கிழிந்ததைக் கம்பெனி தொடாது. வெளியாட்களுக்கு உதிரி பாகமும் விற்காது. பொருள் உங்களுடையது, உள்ளே இருப்பது எங்களுடையது என்று ஏற்பாடு. சில கில்லாடிகள் கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டி எடுத்து வருவார்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் நகக்கா கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தை லேசாக வருடுவாள். குட்டு வெளிப்பட்டுவிடும்.

“திறந்திருக்கீங்க. ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

எதிரே நிற்பவர் கத்துவார், கெஞ்சுவார், சாபம் விடுவார். அவள் அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

வீட்டில் அவளும் அண்ணனும்தான். அண்ணனால் நடக்க முடியாது. மோட்டார் நாற்காலியில் போய் சினிமா தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறார். கிழிப்பது தன் பிழைப்பு, கிழிந்ததைக் கண்டுபிடிப்பது தங்கை பிழைப்பு என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

ஒருநாள் காலையில் நாற்காலி நகர மறுத்தது. பொத்தானை அமுக்கினால் ‘க்ளிக்’ என்றது, அதோடு சரி. தியேட்டர் மேனேஜர் போனில் பேசினார்.

“வெள்ளிக்கிழமை புதுப்படம்ண்ணே. அன்னிக்கு நீங்க வரலேன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

அண்ணன் தப்பாகத்தான் நினைத்தார்.

நகக்கா நாற்காலிக்குப் பின்னால் குனிந்தாள். பழக்கதோஷம், விரல் தானாக ஸ்டிக்கரிடம் போயிற்று. எத்தனையோ ஸ்டிக்கர்களை வருடிய நகம் அன்று பதற்றத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டது.

“என்ன சத்தம்?” என்றார் அண்ணன்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லேன்னா குரல் ஏன் அப்படி இருக்கு?”

வாடகை வண்டியில் நாற்காலியை ஏற்றி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். சொந்த வீட்டுப் பொருளைத் தானே பார்க்கக் கூடாது என்பது விதி. எனவே பக்கத்துக் கவுன்ட்டர்க்காரியின் முன்னால் வரிசையில் நின்றாள்.

“திறந்திருக்கீங்கக்கா. ஒண்ணும் பண்ண முடியாது.”

“நான் எங்கடி திறந்தேன்? நகம் பட்டுருச்சு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நீங்கதானக்கா சொல்லுவீங்க.”

நகக்கா கத்தினாள். கெஞ்சினாள். சாபம் மட்டும் விடவில்லை. விட்டிருந்தால் அது அவள் தலையிலும் சேர்த்துத்தான் விழுந்திருக்கும். பக்கத்துக் கவுன்ட்டர்க்காரி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வீட்டில் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். “கிழிஞ்சதுதான் கிழிஞ்சுது, திறந்துதான் பாரேன்.”

இத்தனை வருஷ வேலையில் அவள் எதன் உள்ளேயும் பார்த்ததில்லை. காய் நறுக்கும் கத்தியின் முனையால் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே தூசி. தூசிக்கு நடுவில் சொருகியிருந்த இடத்திலிருந்து நழுவிய ஒரு சிவப்பு ஒயர். திரும்பச் சொருகிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். நாற்காலி அவள் கால் மேலேயே ஏறிப் போயிற்று.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கால் வலி என்று அண்ணன் நினைத்தார். அவளுக்கு வலி தெரியவே இல்லை, வெட்கமாக இருந்தது. திருப்பி அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களில் எத்தனை பேருக்கு இதே போல ஒரு ஒயர்தானோ என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் புதுப்படத்துக்கு டிக்கெட் கிழித்தார். அதே நேரம் கவுன்ட்டரில் ஒரு பெரியவர், மனைவி மூச்சுவிட உதவும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். ஸ்டிக்கர் இரண்டு துண்டாகக் கிடந்தது. நகக்கா அன்று காலை நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். வெறும் விரலால் தடவிப் பார்த்தாள்.

“கிழியலீங்க,” என்றாள்.

பக்கத்துக் கவுன்ட்டர்க்காரி எட்டிப் பார்த்தாள். “அக்கா, அது...”

“கிழியல. உள்ள அனுப்பு.”

கத்துவதற்காகத் திறந்த வாயைப் பெரியவர் மூட மறந்து நின்றார்.