வந்து வந்து போன வாதம்

பாரிசவாதம் வந்தவனைப் பார்க்க வருகிற எல்லாருக்கும் அவனுக்குப் பரீட்சை வைக்கும் ஆசை வந்துவிடும். "என்ர கையை இறுக்கிப் பிடி பாப்பம்" என்பார்கள். "ஒருக்காச் சிரி பாப்பம்" என்பார்கள். அவன் பிடித்துவிட்டால், சிரித்துவிட்டால், "இனிப் பயமில்லை" என்று தீர்ப்புச் சொல்லித் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார்கள். என் புருஷனுக்குச் சுகமென்று இப்படித்தான் ஊரே தீர்ப்புச் சொன்னது. எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது பங்கு பிரிக்காத ஒரு துண்டு நிலம். புருஷனின் தமையன் முரசுமோட்டைப் பக்கம் அரசாங்கக் குடியேற்றக் காணி எடுத்து நெல் விதைத்துக்கொண்டிருந்தார். அவருடைய காணியின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு நாங்களும் பிள்ளைகளும் இருந்தோம். வேலையும் அவருடைய வயலில்தான். தம்பி என்று சொன்னாலும் கூலிதான். அந்தத் தமையனை நான் அத்தான் என்பேன். அத்தான் கெட்டவர் இல்லை. ஆனால் அவருடைய கிணற்றில் வாளியை விடுவதற்கு முன் அவர் பெண்சாதியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொந்தமாக ஒரு கிணறு வேண்டுமென்றிருந்தது. என் புருஷனுக்குச் சொந்தமாக ஒரு வயல்.

காணி எடுப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது. காணிக் கச்சேரி என்று வைப்பார்கள். அதிகாரி ஒருவர் வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இருப்பார். விண்ணப்பம் போட்டவன் நேரில் போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். எத்தனை பிள்ளைகள், வயல் வேலை தெரியுமா, உடம்பில் பெலன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் காணி கொடுப்பார்கள். வராதவனுக்குக் காணி இல்லை. அடுத்த கச்சேரி எப்போது வருமென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அத்தான் பல தரம் அரசாங்கக் கந்தோருக்கு நடந்து என் புருஷனுடைய விண்ணப்பத்தை உள்ளே போட்டு வைத்திருந்தார்.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலையில் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் துணி கருகும் மணம் வந்தது. வெளியே வந்து பார்த்தேன். புருஷன் வாசல் திண்ணைக் குந்தில் இருந்தார். வாயிலிருந்த சுருட்டு மடியில் விழுந்து உடுத்திருந்த சாரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. சுருட்டைத் தட்டிவிட்டு முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினேன் என்று குழறினார். கை மடியிலேயே கிடந்தது.

மாட்டுவண்டியில் றோட்டுக்குக் கொண்டுபோய், வாழைக்குலை ஏற்றி வந்த லொறியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்குத்தர் சின்ன வயசுக்காரர். கண்ணைப் பார்த்தார், காலைச் சுரண்டிப் பார்த்தார். மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டிருக்கிறது என்றார்.

"சுகம் வருமோ ஐயா?"

"சில பேருக்கு வந்தது வந்தபடி நிக்கும், பிறகு மெல்ல மெல்லத் தேறும். சில பேருக்கு ரெண்டு மூண்டு நாளைக்குள்ள இன்னும் மோசமாகும். இவர் எந்தப் பக்கமெண்டு இப்ப என்னால சொல்லேலாது அம்மா. ஆளை எழுப்பாமல் படுக்க வைச்சிருங்கோ. கவனிச்சுக்கொண்டிருங்கோ."

படித்த மனுஷன் இதைக்கூடச் சொல்லமாட்டானா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்த ஆஸ்பத்திரிக்குள் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று பிறகுதான் விளங்கியது.

பின்னேரம் கை திரும்பி வந்தது. பேச்சும் தெளிந்தது. எதிர்க் கட்டிலில் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்த ஒரு கிழவர் கிடந்தார். அவருக்கு ஒரு பாதி உடம்பு மரக்கட்டை மாதிரி. அவருடைய சனம் கட்டிலைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தது. எங்களைப் பார்க்க வந்தவர்கள் அவரையும் எட்டிப் பார்த்துவிட்டு, "உம்மட ஆளுக்குக் கடவுள் கண் திறந்திட்டார், அந்தாள் பாவம், தாங்காது" என்றார்கள். அந்தக் கிழவர் பிறகு தடி ஊன்றி நடந்து வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை கஞ்சி பருக்கினேன். பாதியில் கடைவாயால் வழிந்தது. பார்த்தால் வாய் மறுபடி கோணியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் தாதி மிஸியைக் கூப்பிட்டு அவ வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது. என்ன என்ன என்று இவரே கேட்டார். மத்தியானம் திரும்பவும் அப்படி வந்தது. சொல்ல வந்த சொல் நடுவில் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காதவர் மாதிரி, "வயலுக்குத் தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

விடிந்தால் கச்சேரி. அன்று பின்னேரமே அத்தான், இவர் கச்சேரிக்கு உடுக்க இஸ்திரிக்கை போட்ட வேட்டியோடு வந்து நின்றார். டாக்குத்தர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு சுற்றி வந்தார். எங்கள் சனத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆண் ஒருத்தர் பக்கத்தில் நின்றால் டாக்குத்தருக்கு அவர்தான் மறுமொழி சொல்வார். நோயாளியின் பீயையும் மூத்திரத்தையும் எடுத்தவள் பின்னால் நிற்க வேண்டும்.

"இவருக்கு வந்து வந்து போகுதோ? நல்லா இருந்திட்டுத் திரும்ப இழுக்குதோ?" என்று டாக்குத்தர் கேட்டார்.

"இல்லை ஐயா, முழுக்க நல்லாப் போச்சு" என்றார் அத்தான்.

"காலமை வந்தது, மத்தியானமும் வந்தது" என்றேன் நான்.

அத்தான் சிரித்தார். "பொம்பிளையள் பயத்தில சொல்லுவினம் ஐயா. கை விறைச்சாலும் வாதம் எண்டுதான் சொல்லுவினம்."

டாக்குத்தர் அவரை நம்பவில்லை. அது அவருடைய முகத்தில் தெரிந்தது. இவரிடமே கேட்டார். "நீங்கள் சொல்லுங்கோ. திரும்ப வந்ததோ?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தமையனைப் பார்த்தார்.

"இல்லை ஐயா. நான் வீட்டை போகோணும். கச்சேரி இருக்கு."

"இன்னும் ரெண்டு நாள் படுத்திருந்தால் என்ன? வந்து வந்து போற ஆக்களுக்குத்தான் எனக்குப் பயம் கூட."

"எனக்கு வரயில்லை ஐயா."

மறிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார் டாக்குத்தர். சொந்தப் பொறுப்பில் போகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார். இவர் வலது கையால்தான் வைத்தார். "பாத்தியோ பிள்ளை, எழுத்துக் கூட நடுங்கயில்லை" என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

வண்டியில் வரும்போது நான் சண்டை பிடித்தேன். "உங்களுக்குக் காணியோ உயிரோ பெரிசு?"

"இஞ்சேர், நான் செத்தாலும் காணி இருந்தால் நீ பிள்ளையளோட இருப்பாய். நான் இருந்து காணி இல்லாட்டி எல்லாரும் அண்ணையின்ர கொட்டிலுக்கதான்."

  அவர் சொன்னது பிழையென்று ஒருநாளும் நான் சொல்லமாட்டேன். ஒருத்தனைப் படுத்திருக்கவிடாமல் எழுப்பி நிறுத்திப் பார்த்துத்தான் நிலம் கொடுப்போம் என்று சட்டம் போட்டவனைத்தான் நான் இன்றைக்கும் திட்டுகிறேன்.

மறுநாள் பள்ளிக்கூட வளவில் சனம் நிறைந்திருந்தது. இருக்க இடமில்லை. இவரை மரநிழலில் நிற்பாட்டி, அத்தான் தன் சால்வையை இவருடைய வலது கையில் சுற்றிவிட்டார். கை இறங்கினாலும் தெரியாது என்ற யோசனை. வெயில் ஏறியது. பேர் கூப்பிட்டதும் இவர் தனியே உள்ளே போனார். நான் யன்னலால் பார்த்தேன்.

"எத்தனை பிள்ளையள்?"

"மூண்டு, ஐயா."

"காடு வெட்டுவியோ? இஞ்ச யானை வரும்."

"ஊரில மனுசரோட இருந்தனான் ஐயா. யானை பரவாயில்லை."

அதிகாரி சிரித்தார். கையைக் காட்டு என்றார். இவர் சால்வையை அவிழ்த்து இரண்டு கையையும் நீட்டினார். மண்வெட்டி பிடித்த காய்ப்பு இரண்டிலும் இருந்தது. வலது கை மெல்லத் தாழ்ந்தது. அதிகாரி அதைக் காணவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் கண்டேன்.

வெளியே வந்து, "கிடைச்சிட்டுது" என்றார். அவர் எனக்குச் சொன்ன கடைசிச் சேதி அதுதான்.

வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார், கால் வரவில்லை. களைப்பு என்றார் அத்தான். நிலத்தில் இருத்தி, எங்கேயோ ஓடிப்போய் இளநீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினார். அது தொண்டைக்குள் இறங்கவில்லை, நெஞ்சுக்குள் போனது. இவர் புரைக்கேறி நீலமாகிப் போனார். நான் இளநீரைப் பறித்து எறிந்தேன். அத்தானின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால் புருஷனின் தமையனைத் தொட்டுத் தள்ளியவள் என்று அந்தக் குடியேற்றத்தில் எனக்கு நெடுங்காலம் பேர் இருந்தது.

அதே ஆஸ்பத்திரி, அதே டாக்குத்தர். அவர் ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லவில்லை. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது என்றார். மூக்கால் குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வந்து கிடந்து, உயிரோடு வீட்டுக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தால் வலது பக்கம் இப்படிப் போயிருக்காதா என்று டாக்குத்தரிடம் கேட்டிருந்தேன். "படுத்திருந்தாலும் போயிருக்கலாம் அம்மா. எனக்குத் தெரியாது. ஆனால் படுத்திருந்தால் நான் பக்கத்தில நிண்டிருப்பன், இளநீர் குடுக்க விட்டிருக்கமாட்டன்" என்றார். இப்போது மூளையைப் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். அண்மையில் என் தங்கைக்கு வந்தபோது இது இன்னும் மோசமாகுமா என்று நானே டாக்டரிடம் கேட்டேன். சில குறிகளை வைத்துப் பயப்படலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். தங்கைக்கு அது வந்து வந்து போகிறது என்று நான் முதலே சொல்லிவிட்டேன். இந்த முறை யாரும் என்னை மறிக்கவில்லை.

காணி வந்தது. காட்டை நானும் பிள்ளைகளும் வெட்டினோம். கிணறும் வெட்டினோம். அவரைக் கதிரையில் இருத்தி வெளியே வைப்பேன். அவருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது, "ஓம்". பசிக்கிறதா என்றாலும் ஓம், பசிக்கவில்லையா என்றாலும் ஓம். எது உண்மையான ஓம் என்று கண்ணைப் பார்த்து நான் பழகிக்கொண்டேன்.

அத்தான் சில நாள் வருவார். தூரத்தில் நின்றே, "என்னடா தம்பி, சுகமோ?" என்பார்.

"ஓம்" என்பார் இவர்.

"முந்தியிலும் பார்க்க நல்லாத் தேறிட்டான்" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.