கூடிப்போன சீனி மூட்டை

கப்பலுக்கும் கரைக்கும் நடுவில சாமான் ஏத்தி இறக்கிற தொழிலில, மூட்டையளை விடப் பாரமானது ஆளுக்காள் வைச்சிருக்கிற சந்தேகம்தான்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வாற பெரிய கப்பலுகள் எல்லாம் கரையில அணையாது. நடுவில நங்கூரம் போட்டு நிக்கும். நாங்கள்தான் பார்ஜ் எண்ட தட்டைப் படகைப் பக்கத்தில கொண்டுபோய் அணைச்சு, கப்பலின்ர வின்ச், அதாவது பாரந்தூக்கி, இறக்கிற மூட்டையளை வாங்கிக் கரைக்குக் கொண்டாறது. அந்தப் பார்ஜில எனக்கு வாச்சர் வேலை. வாச்சரெண்டால் மூட்டை தூக்கிறதில்லை, கயிறு இழுக்கிறதில்லை. ஆர் எதைத் தொடுகினம், ஆற்ற இடுப்புச் சாரம் ஏன் புடைச்சிருக்கு எண்டு இருந்து பாக்கிறது. கடையிலயோ கந்தோரிலயோ மற்றவன்ர கையைப் பாத்துப் பாத்தே கண் பூத்துப்போன ஆராவது இதை வாசிச்சால், என்ர வயித்தெரிச்சல் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

அப்ப நான் தற்காலிகம். தம்பலகாமத்து வேலுப்பிள்ளையர் தன்ர மகள் பரமேஸ்வரியை எனக்குத் தாறதுக்கு ஓம்பட்டிருந்தார், ஆனால் வேலை நிரந்தரமாகவேணும் எண்டு ஒரே பிடி. அது எங்கட மேலதிகாரி சூப்பிரன்டன் ஐயாவின்ர கையில. பரமேஸ்வரியைக் கோயில்ல ஒருக்காக் கண்டதோட எனக்கு வேற பேச்சே இல்லாமப் போச்சு. ஆனபடியால் என்ர பார்ஜில ஒரு பிசகு வந்தால் வேலையும் போச்சு, பொம்பிளையும் போச்சு. இந்த நிலையில இருக்கிறவன் தன்ர நிழலையும் திரும்பித் திரும்பிப் பாப்பான், பாருங்கோ.

எறும்பு

எங்கட பார்ஜுக்குத் தண்டையல், அதாவது படகுத் தலைவர், குறிஞ்சாக்கேணி ஹனீபா, அண்ணன் முறையில எல்லாருக்கும் ஹனீபா காக்கா. சிரிச்ச முகம். சிரிச்ச முகமெண்டாலே எனக்குச் சந்தேகம். ஒருநாள் சீனி இறக்கேக்க பார்ஜின்ர பலகையில ஒரு எறும்புக் கோடு போறதைக் கண்டன். சீனி எங்க ஒளிச்சுக்கிடக்கோ அங்கதானே எறும்பு போகும்? பிடிச்சன் கள்ளனை எண்டு நினைச்சுக்கொண்டு, குனிஞ்சு குனிஞ்சு எறும்புக்குப் பின்னால போனன். கூலிக்காரர் எல்லாரும் வேலையை விட்டிட்டு என்னைப் பாத்தாங்கள்.

கோடு ஹனீபா காக்காவின்ர சட்டையைத் தாண்டிச்சு, தண்ணிப் பானையைத் தாண்டிச்சு, நேரா வந்து மூலையில சாத்தி வைச்சிருந்த என்ர குடைக்குள்ள ஏறிச்சு. மேல தொங்கின மூட்டை கிழிஞ்சு, சீனி என்ர குடைக்குள்ளதான் கொட்டுண்டிருக்கு. எனக்கு முகத்தில ஈயாடேல்லை. ஹனீபா காக்கா கிட்ட வந்து என்ர தோளில கைபோட்டுச் சொன்னார்: "எறும்பு பொய் சொல்லாது மனே. ஆனா சூப்பிரன்டன் ஐயாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, அந்தாள் எறும்பை நம்புற மனிசன்."

ஆகாயத்துச் சாமான் கப்பல்

ஒரு மத்தியானம் கன்டீன் ரேடியோவில செய்தி போச்சு. ரஷ்யாக்காரர் ஆகாயத்தில ஒரு நிலையம் மிதக்க விட்டிருக்கினமாம், அதுக்குள்ள ஆக்கள் மாதக்கணக்கில இருக்கினமாம். அவைக்குச் சாப்பாடு, தண்ணி, எண்ணெய் எல்லாம் ஏத்திக்கொண்டு ஒரு சாமான் கப்பல் ஆளில்லாமலே போய், நிலையத்தோட தானா ஒட்டிக்கொண்டுதாம். எங்கட தொழிலைத்தான் ஆரோ மேல செய்யிறாங்கள் எண்டு எல்லாருக்கும் உடனை விளங்கிச்சு. அங்க அலை இல்லையே, அணைக்கிறது சுகம் எண்டான் ஒருத்தன். மூட்டைக்கும் பாரமிருக்காது எண்டான் இன்னொருத்தன். ஆளில்லாமப் போனபடியாத்தான் சாமான் முழுசாப் போய்ச் சேந்தது எண்டு நான் சொன்னன். என்னை எல்லாரும் ஒரு மாதிரிப் பாத்தாங்கள்.

பிறகு செய்திக்காரர் சொன்னார், சாமானை எடுத்த பிறகு வெறும் கப்பலுக்குள்ள நிலையத்துக் குப்பையைப் போட்டு அனுப்பிவிட, அது வழியில எரிஞ்சு சாம்பலாப் போயிடுமாம். ஹனீபா காக்கா தேத்தண்ணிக் கோப்பையை மெல்ல மேசையில வைச்சார். "எரிஞ்சது குப்பைதான் எண்டு ஆரு பாத்த?"

ஒண்டு கூட

இனித்தான் என்ர வில்லங்கம் வருது. ஒரு சீனிக் கப்பல். ரெண்டு பக்கமும் ரெண்டு பார்ஜ். ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் அன்புவழிபுரத்து நடராசா. அவனும் என்னைப் போலத் தற்காலிக வாச்சர். நான் கரைக்கு வந்து மூட்டையளை ஒப்படைக்கேக்க, கணக்குக்கு ஒரு மூட்டை கூடிப்போச்சு. திரும்பவும் எண்ணிச்சினம். கூடத்தான்.

நீங்கள் நினைப்பியள், கூடினால் என்ன, நல்லதுதானே எண்டு. இல்லை ஐயா! குறையிறது எங்கட துறைமுகத்தில வழமை. கிழிஞ்சது, கொட்டினது எண்டு அதுக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கூடினதுக்கு எந்தக் காரணத்தைச் சொல்லுறது? பழைய களவைத் திருப்பி வைச்சவனோ, வேற பார்ஜில எடுத்தவனோ எண்டு விசாரணை வரும். விசாரணை வந்தால் நிரந்தரம் வராது. கரைக் கிளார்க் அந்த மூட்டையைக் காலால கூடத் தொடேல்லை. "தம்பி, குறைஞ்சால் கள்ளன் ஒருத்தன். கூடினால் எத்தினை பேரெண்டு ஆருக்குத் தெரியும்? இதை என்ர கண்ணில காட்டாதையும்."

திருப்பிக் குடுக்கப் போனது

அடுத்த நடையில மூட்டையைக் கப்பலுக்கே கொண்டுபோனன். போற வழியில நடராசாவின்ர பார்ஜ் எதிர்ப்பட, "மச்சான், உன்ர பக்கம் எல்லாம் சரியோ?" எண்டு சும்மா கேக்கிற மாதிரிக் கேட்டன். அவன்ர முகம் வெளிறிப்போச்சு. "ஏன் கேக்கிறாய்?" எண்டான். நானும் பயந்துபோனன், ஒண்டுமில்லை எண்டிட்டன்.

கப்பலின்ர வெள்ளைக்கார மேற், கப்டனுக்கு அடுத்த ஆள், மேல்தட்டில நிண்டு பாத்தார். கரையில இருந்து சீனி திரும்பி வருதெண்டதும் மனிசன் ரெண்டு அடி பின்னுக்குப் போயிட்டார். கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினார். வின்ச்காரன் குனிஞ்சு எங்களுக்குத் தமிழில சொன்னான்: "இந்தத் துறைமுகத்தில ஒருத்தன் சீனியைத் திருப்பித் தாறானெண்டால், அதுக்குள்ள இருக்கிறது சீனியில்லையாம்."

கள்ளருக்கு விட்டது

கடல்ல தள்ளுவமெண்டால் ஹனீபா காக்கா விடேல்லை. சாப்பாட்டுச் சாமானைத் தண்ணியில போட்டால் அல்லாவிட்டக் கேள்வி இருக்கு எண்டார். அப்ப எனக்கு ஒரு யோசினை வந்துது. களவுக்குப் பேர்போன இடத்தில காவலில்லாமல் ஒரு மூட்டை கிடந்தால் எவ்வளவு நேரத்துக்குக் கிடக்கும்? கன்டீன் குசினிக்குப் பின்னால, விறகு அடுக்கிற இடத்தில கொண்டுபோய்ப் போட்டிட்டு, நான் தூரப் போய் நிண்டன். என்ர சீவியத்திலயே முதற்தரமாக் கள்ளன் வரவேணுமெண்டு கோணேசப் பெருமானை மண்டாடினன்.

ஒருத்தரும் வரேல்லை. வந்தவை எல்லாரும் மூட்டையைச் சுத்திப் போச்சினம். துறைமுகமே கை வைக்கப் பயப்படுற சாமான் எண்டு கதை பரவிட்டுது. கடைசியா, கைசுத்தமில்லாதவன் எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லுற ஒரு கூலிக்காரன் வந்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துது. அவன் அங்குமிங்கும் பாத்திட்டு, மழை வரப்போகுதெண்டு மூட்டைக்கு மேல ஒரு படங்கை இழுத்து மூடிவிட்டு, நேரா என்னட்ட வந்து கும்பிட்டான். "அண்ணை, நான் பிள்ளைகுட்டிக்காரன். இப்பிடிச் சோதிக்காதேங்கோ."

மாமாவின்ர டிராக்டர்

அந்தச் சொல்லு எனக்குள்ள போய்க் குந்திக்கொண்டுது. சோதனை! ஓம், இது சூப்பிரன்டன் ஐயா எனக்கு வைச்ச சோதனைதான். நிரந்தரமாக்க முதல் ஒரு மூட்டையைக் கூட வைச்சு, இவன் என்ன செய்யிறானெண்டு எங்கயோ நிண்டு பாக்கிறார்.

அந்த நேரம் பாத்து வேலுப்பிள்ளையர் டிராக்டரில கன்டீனுக்கு விறகு கொண்டுவந்தார். விறகு சாட்டு, வந்தது மாப்பிள்ளையின்ர லட்சணம் பாக்க. "நிரந்தரம் எப்பவாம்?" எண்டு கேட்டார். கெதியில மாமா எண்டு சொல்லிப்போட்டு நான் பார்ஜுக்குப் போனன். திரும்பி வாறன், படங்குக்குக் கீழ மூட்டையைக் காணேல்லை! ஹனீபா காக்கா வாயெல்லாம் பல்லா நிக்கிறார். "உங்கட மாமனாருக்கு நீங்க குடுக்கிற மரியாதை எண்டு சொல்லி நாந்தான் ஏத்திவிட்டன் மனே. சனியன் ஒழிஞ்சுது." பாத்தால் டிராக்டர் கேட்டுக்குக் கிட்டப் போகுது. கேட்டடியில சூப்பிரன்டன் ஐயா நிக்கிறார்.

செருப்பையும் விட்டிட்டு ஓடினன். டிராக்டருக்கு முன்னால போய்க் கையை விரிச்சுக்கொண்டு நிண்டு, "மாமா, மூட்டையை இறக்குங்கோ" எண்டன். "நீர் தந்ததெண்டாங்கள்?" எண்டார் அவர். "நான் தரேல்லை மாமா." சுத்தி நிண்டவை எல்லாரும் அவரைப் பாத்தினம். மானஸ்தன், ஊரில நாலு பேர் எழும்பி நிக்கிற மனிசன். தன்ர கையாலயே மூட்டையை இழுத்துக் கீழ போட்டார். "கையால குடுத்திட்டு வாயால கள்ளனாக்கிற மனிசனுக்கு என்ர பிள்ளை இல்லை!" எண்டு சொல்லிப்போட்டு டிராக்டரை எடுத்தார்.

ரெண்டு வாச்சர்

சூப்பிரன்டன் ஐயா அந்தச் சீனிக் கப்பலில வேலை செய்த எங்கள் எல்லாரையும் கந்தோருக்குக் கூப்பிட்டார். நான் நடந்ததை ஒண்டும் விடாமல் சொன்னன். சொல்லி முடியமுதல் கதவடியில நிண்ட நடராசா விம்மி விம்மி அழத் தொடங்கினான். அவன்ர பார்ஜில ஒரு மூட்டை குறைவாம்! கிழிஞ்சது கொட்டினது எண்டு பொய் சொல்லவும் பயந்து, வெளியில விடாமல், அடுத்த கப்பலில சரிக்கட்டலாமெண்டு இருந்திருக்கிறான். வின்ச்காரன் அவனுக்கு இறக்கவேண்டியதில ஒண்டை என்ர பக்கம் இறக்கிப்போட்டான், அவ்வளவுதான் சங்கதி. ஒருத்தரும் சோதிக்கேல்லை, ஒருத்தரும் களவெடுக்கேல்லை. நானும் அவனும் கன்டீனில ஒரே வாங்குப் பலகையில இருந்து ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிச்சனாங்கள். ஒரு சொல்லு கதைச்சிருந்தால் முடிஞ்சிருக்கும். "நீ சரியோ எண்டு கேட்டோடனை, உனக்குத் தெரிஞ்சுபோச்சு, என்னைக் காட்டிக்குடுக்கப் போறாயெண்டு நினைச்சன் மச்சான்" எண்டான்.

ஐயா ரெண்டு பார்ஜின்ர கணக்கையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கூட்டிப் பாத்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேரையும் கடல்ல போடவேணும். ஆனால் பொம்பிளை தாற மாமனையே மறிக்கிற வாச்சரைப் பிறகு நான் எங்க தேடிப் பிடிக்கிறது?"

படலையடியில

நிரந்தரம் வந்துது. வந்து என்ன செய்ய? கையில வேலை, மனசில பரமேஸ்வரி. ஹனீபா காக்கா, தான் செய்த பிழைக்குத் தானே வாறனெண்டு தம்பலகாமத்துக்கு என்னோட வந்து, நடந்ததை வேலுப்பிள்ளையருக்கு முன்னால ஒப்புவிச்சார். கிழவர் கதிரையில இருந்து அசையேல்லை. அப்ப உள்ளுக்கிருந்து பரமேஸ்வரி வந்து தகப்பனுக்கு முன்னால நிண்டா. "வேலை நிரந்தரமாகவேணுமெண்டு கேட்டது நீங்கள் அப்பா. அது நிரந்தரமானது உங்களை மறிச்சபடியால். இப்ப ஆரைக் கோவிக்கிறியள்?" எண்டு கேட்டா. கிழவருக்குச் சிரிப்பு வரேல்லை, ஆனால் ஹனீபா காக்காவுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். எனக்குத் தரச் சொல்லேல்லை. அதை விடுங்கோ, கலியாணம் நடந்துது.

இண்டு வரைக்கும் மாமா எங்கட வீட்டுக்கு வந்து போகேக்க, வாசல் படலையடியில நிண்டு பன்புல்லில இழைச்ச தன்ர பையை ரெண்டு கையாலயும் அகலமா விரிச்சுக் காட்டுவார். பரமேஸ்வரி உள்ளுக்க நிண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. "மருமோன், வந்து வடிவாப் பாரும். பிறகு நடுரோட்டில வந்து மறிக்காதையும்."

"ஐயோ வேண்டாம் மாமா" எண்டு என்ர வாய் சொல்லுற அதே நேரம் கண் பையின்ர அடிவரைக்கும் போய்த் துழாவிப்போட்டு வருமே, அதுதான் நான் பாத்த வாச்சர் உத்தியோகம்.