பச்சைக்கண் சுறாக்களின் பள்ளம்

துறைமுகத்தில் எட்டுவிரல் என்று கேட்டால்தான் அவனைக் காட்டுவார்கள். அண்ணன் படகில் தூண்டில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில் இடது கை மாட்டி இரண்டு விரல் போயிற்று. கட்டுப் பிரிக்கும் முன்பே அண்ணன் வேறு ஆளைப் போட்டுவிட்டான். "கயிறு புடிக்கக் கை வேணும்டா. உன் அழுகையையா கட்டி இழுக்கறது?" என்றான், அண்ணி கொடுத்தனுப்பிய பிஸ்கட் பொட்டலத்தை மேசையில் வைத்தபடியே.

அதற்குப் பிறகு அவன் ஆராய்ச்சிக் கப்பலில் சமையலுக்குச் சேர்ந்தான். மீனைப் பிடித்தவன் இப்போது மீனை வறுக்கிறான் என்று படகுக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மறுபடி அண்ணன் படகில் ஆளோடு ஆளாக நிற்க வேண்டும். அந்த ஒரே ஆசை அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

கப்பலின் தலைமை ஆராய்ச்சியாளரை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அவர் பல வருஷமாகத் தேடுவது பச்சைக்கண் சுறாவை. வெளிச்சம் இறங்காத ஆழத்தில் வாழ்வது. பகலெல்லாம் அடியில் கிடந்து, இருட்டியதும் கடலடிச் சரிவில் ஏறி இரை தேடும். ஆண்கள் ஒரு திக்கில், பெண்கள் ஒரு திக்கில். இரண்டு வருஷம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். முதுகுத் துடுப்பில் சின்னக் கருவி ஒன்றைப் பூட்டி விடுவார்கள். மாதங்கள் கழித்து அது தானாகக் கழன்று மேலே மிதந்து, சுறா போன வழியையெல்லாம் கணினிக்கு ஒப்பிக்கும். அப்படித்தான் தெரிந்தது, சினைச் சுறாக்கள் கடலடியில் ஒரு பள்ளத்தில் வந்து கூடுகின்றன என்று. அங்கேயே போய் இன்னும் பன்னிரண்டுக்குக் கருவி பூட்டினார்கள்.

"இதோட ஈரல் எண்ணெய்க்கு அலையறாங்க. இடம் தெரிஞ்சா ஒரே வருஷத்துல துடைச்சிடுவாங்க," என்றார் டாக்டரம்மா, டீ கொண்டுவந்தவனிடம். சமையல்காரன்தானே என்று திரையில் இருந்த இடத்தின் எண்களைக்கூட அவர் மறைக்கவில்லை.

கரைக்கு வந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணன் உட்காரச் சொல்லவில்லை.

"அண்ணே, பச்சைக்கண்ணு எங்க கூடுதுன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியும்டா."

அவன் எண்ணுக்கு ஒரு விரலாக எட்டு விரலையும் மடக்கி இடத்தைச் சொன்னான். அண்ணன் சிரிப்பு நின்றது. பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பியது.

"அகலக்கோட்டுக்கு நாலு எண், நீளக்கோட்டுக்கு நாலு எண். நல்லவேளை, ஒன்பதாவதா ஒரு எண் இருந்திருந்தா சுறா பிழைச்சிருக்கும்."

"நானும் வரேண்ணே."

"வா. நீ இல்லாமலா?"

பள்ளத்தில் கயிறு கனத்து ஏறியது. கண்கள் பச்சைக் கண்ணாடிபோலப் பிதுங்கி, பெண் சுறாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளத்தில் விழுந்தன. அவனுக்குக் கயிறு கொடுக்கவில்லை, கத்தி கொடுத்தார்கள். ஈரலுக்காக வயிற்றைக் கீறினால் குட்டி வழுக்கி வெளியே வந்தது.

"எட்டு, உனக்குத்தான் புள்ள இல்லையே. எடுத்துட்டுப் போய் வளர்த்துக்கோ," என்று வின்ச்காரன் குட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவர்களோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று.

சில துடுப்புகளில் கருவி இருந்தது. அண்ணன் சுத்தியலை நீட்டினான். "உங்க டாக்டரம்மா போட்டுவிட்ட மூக்குத்தி. நீயே கழட்டு." அவன் ஒவ்வொன்றாக நசுக்கிக் கடலில் போட்டான்.

அடுத்த பயணத்துக்கு அவன் பையோடு வந்தபோது படகு கயிறு அவிழ்த்து நகர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, நானு?"

"வழி காட்டற பலகையை எவனாவது வண்டியில ஏத்துவானாடா?" என்று அண்ணன் படகிலிருந்தே கேட்டான்.

வருஷம் முடிவதற்குள் பள்ளம் காலி. வெறும் கொக்கிகள் ஏறிவரத் தொடங்கியதும், பிஸ்கட் பொட்டலத்துக்குப் பிறகு முதல்முறையாக அண்ணன் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"தம்பி," என்றான். அப்படிக் கூப்பிட்டே காலமாகியிருந்தது. "வேற பள்ளம் இருக்கான்னு உங்க டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வா. இந்தத் தடவ வின்ச்சே உனக்குத்தான்."

அவன் இன்னும் சமைத்துக்கொண்டிருந்த கப்பலில் டாக்டரம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பூட்டிவிட்ட கருவிகளில் ஒன்றுகூட மேலே வரவில்லை. தினமும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு மத்தியானம் டீயோடு போனவனைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பன்னிரண்டுல ஒண்ணு வாயைத் திறந்துடுச்சுப்பா. இவ மட்டும் பள்ளத்தை விட்டுத் தெற்கே போயிருக்கா. அங்க இன்னொரு பள்ளம். மத்ததுங்களும் அங்கதான் இருக்கும் போல."

"எங்கேம்மா?"

தன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட ஒரு ஆள் கிடைத்த நிம்மதியில் அவர் படத்தைப் பெரிதாக்கினார். மூலையில் எண்கள் துலக்கமாக வந்தன. அவன் ட்ரேயை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். டாக்டரம்மா திரையைத் தொட்டுத் தொட்டு, சுறா போன வழியைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.