நன்றியுரைக்கு மணி கிடையாது

கிரிஜாவுக்கு நன்றி சொல்ல வரும். அப்படியொரு வரவு. மைக்செட்காரரிலிருந்து தண்ணீர் எடுத்து வைத்தவர் வரை ஒருவர் பெயரும் விடுபடாமல், மூச்சு வாங்காமல் சொல்லிவிடுவாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் யூனியன் கூட்டமா, நன்றியுரை கிரிஜா. லோத்குண்டாவில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த பிறகு அசோசியேஷன் ஆண்டுவிழாவா, அதற்கும் கிரிஜா. ஆயுசு முழுக்க மேடை ஏறியிருக்கிறாள், எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து.

இந்த வியாதியை ஒட்டவைத்தது அவள் படித்த ஹைஸ்கூல். செகந்திராபாத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம் அது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றக் கூட்டம் நடக்கும். அங்கே பெண்கள் தாராளமாக வாதாடலாம், பையன்களை மூக்குடைக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆண்டுவிழா என்று வந்துவிட்டால் கதை வேறு. கடவுள் வாழ்த்துக்குப் பெண்கள், சந்தனக் கிண்ணம் நீட்டப் பெண்கள், கடைசியில் நன்றியுரைக்கு ஒரு பெண். நடுவில் கோப்பை வைத்து நடக்கும் விவாதத்துக்கு மட்டும் பையன்கள். கேட்டால், பெண்குரல் பின்வரிசைக்கு எட்டாதாம். பிற்பாடு அதே குரல் டிரங்க் காலில் டெல்லி வரைக்கும் எட்டியது, அது போகட்டும்.

எழுபத்தைந்தாம் வருஷம் விவாதத் தலைப்பு, ‘பெண்ணுக்கு வீடே போதும்’. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கிரிஜா எழுந்து, போதாது என்று பேசினாள். தன் அம்மாவின் கதையைத்தான் சொன்னாள். அம்மா பூர்ணா மல்லாபூரில் ஒரு குடைக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் பூர்ணா மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டை மறித்து நின்றுவிட்டாள். கட்டித் தருகிறவரை ஒரு குடை வெளியே போகாது என்றாள். மழைக்காலம் வேறு. முதலாளி கட்டிக் கொடுத்தார்.

தமிழாசிரியர் நாராயணஸ்வாமி ஆண்டுவிழா விவாதத்துக்கென்று அந்தப் பேச்சை அலாக்காகத் தூக்கி ராஜகோபாலிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் கக்கூஸை எடுத்துவிட்டார், “சபையில இதெல்லாமா பேசுவாங்க?” என்று. கேட்டை மறித்ததும் போயிற்று. மிச்சம் நின்றது, இரவெல்லாம் கண்ணீர் வடித்துக் குடை மடிக்கும் ஓர் ஏழைத் தாய். ராஜகோபால் குரல் தழுதழுக்கப் பேசினான். தலைமை தாங்க வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணுக்கு எல்லாம் முடியும் என்று பேசிய பையனுக்குக் கோப்பை, அந்தப் பேச்சுக்குச் சொந்தக்காரிக்கு நன்றியுரை. கிரிஜா அவனுக்கும் சேர்த்து நன்றி சொன்னாள்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு மகளைப் பார்க்க வந்திருந்தாள் பூர்ணா. வீட்டுக்கு நடக்கும்போது, ஊர் உருது கலந்து இரண்டே கேள்விதான் கேட்டாள்.

“நம்ம கதைய அந்தப் பையன் கைக்கு, எதுக்குடி சொன்னான்? நான் எப்போடி அழுதேன்?”

அந்தக் கேள்விகள் கிரிஜாவோடேயே தங்கிவிட்டன. பூர்ணா காலமான பிறகும் இருந்தன.

இந்த வருஷம் பொன்விழாச் சந்திப்பு. ஏற்பாடெல்லாம் ராஜகோபால், பாங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையராகி ஹப்சிகுடாவில் இருக்கிறவர். அவரே போன் செய்தார்.

“கிரிஜா, பழைய டிபேட்ட மறுபடி மேடையேத்தறோம். நானும் சங்கரும். அதே டாபிக், அதே பேச்சு. நன்றியுரை நீங்கதான். உங்கள மாதிரி யாருக்கு வரும்?”

“டிபேட்ல நான் பேசறேனே. அது என் பேச்சுதான, ராஜகோபால்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “ஆமாமா, நீங்க கூட அப்போ ஒண்ணு ரெண்டு பாயின்ட் குடுத்தீங்க, ஞாபகம் இருக்கு. இப்ப எல்லாம் ஃபிக்ஸ் ஆயிடுச்சும்மா. டைம் இல்ல.”

ஒன்று இரண்டு பாயின்ட். கிரிஜா போனை வைத்துவிட்டு, வரமாட்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும் என்று கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். அவள் கணவர் கிருஷ்ணமூர்த்தி பேப்பரை இறக்கினார்.

“நக்கோ கிரிஜா, வேண்டாம், இந்த வயசுல வம்பு எதுக்கு? போய் வழக்கம்போல நாலு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. டிபேட்ல பேசினாலும் நாலே நிமிஷம். டாண்ணு மணி அடிச்சு இறக்கிடுவாங்க.”

கிரிஜா நடப்பதை நிறுத்தினாள். விவாதத்துக்கு மணி உண்டு. மூன்றாவது நிமிஷம் எச்சரிக்கை, நான்காவது நிமிஷம் இறக்கம். வரவேற்புரைக்குக்கூட உண்டு. நன்றியுரைக்கு? அந்தப் பள்ளியில் என்றைக்குமே கிடையாது. பெண்பிள்ளை நாலு வரி சொல்லப் போகிறாள், அதற்கெதற்கு மணி என்று விட்டிருந்தார்கள். அவள் முடித்தால்தான் தேசிய கீதம். தேசிய கீதம் பாடாமல் யாரும் எழுந்து போக முடியாது.

“நீங்க சொல்றதும் சரிதான். வழக்கம்போலயே போறேன்” என்றாள். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் கிருஷ்ணமூர்த்திக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. பேரன் பேத்திகளெல்லாம் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டு ஓடினார்கள். மேஜைமேல் அதே பித்தளை மணி, பாலிஷ் போட்டு வைத்திருந்தார்கள். சங்கர், பெண்ணுக்கு வீடே போதும் என்று பேசி எல்லாரையும் சிரிக்கவைத்தார். ராஜகோபால் போதாது என்று பேசினார். ஏழைத் தாய் வந்தாள், குடை மடித்தாள், அழுதாள். அம்பது வருஷமாயும் அவள் கண்ணீர் வற்றவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள்.

நிகழ்ச்சியை நடத்திய ஷோபா, பழைய மாணவர் ஒருவரின் மருமகள், மைக்கில் சொன்னாள்: “இப்போது நன்றியுரை, திருமதி கிரிஜா அவர்கள். அதன்பின் தேசிய கீதம், சாப்பாடு.”

ஜனங்கள் குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

“அந்த அம்மா அழல” என்றாள் கிரிஜா.

குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன.

“ராஜகோபால் சொன்ன அந்த ஏழைத் தாய் எங்கம்மா. பேரு பூர்ணா. மல்லாபூர்ல குடைக் கம்பெனில வேலை. பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுன்னு கம்பெனி கேட்டை மறிச்சு நின்னா. இது நான் எழுதின பேச்சு. கக்கூஸ்னு சபைல சொல்லக்கூடாதுன்னு எடுத்துட்டாங்க. எடுத்த இடத்துல கண்ணீர ஊத்தி வச்சாங்க. இன்னிக்கு முழுசாச் சொல்றேன். கேட்டுட்டுப் போங்க.”

முழுசாகத்தான் சொன்னாள். மழையைச் சொன்னாள், முதலாளி அனுப்பிய போலீஸைச் சொன்னாள், வேலை போனால் போகட்டும் என்று பூர்ணா தரையில் உட்கார்ந்ததைச் சொன்னாள். நாலு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. முன்வரிசையில் ராஜகோபால் முகம் கறுத்து எழுந்தார். மேஜைக்கு வந்து, மணியை எடுத்து, ணங்கென்று ஓர் அடி அடித்தார்.

கிரிஜா திரும்பிப் பார்த்தாள்.

“நன்றியுரைக்கு மணி கிடையாது ராஜகோபால். நீங்க வச்ச சட்டம்தான். கீழ வைங்க.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், “பேசுங்க கிரிஜா, இங்க நல்லாக் கேக்குது” என்றது. இன்னொன்று, “ஹவ், ஆமா, நல்லாக் கேக்குது” என்றது. அந்த வகுப்பில் சந்தனக் கிண்ணம் நீட்டியவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ராஜகோபால் மணியை வைத்தார். உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் மேஜையோரமாகவே நின்றார்.

அவள் பேசி முடித்தபோது சாப்பாடு ஆறிவிட்டிருந்தது. ஷோபா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள், “மேடம், நன்றி சொல்லவே இல்லையே? சீஃப் கெஸ்ட், கேட்டரிங், மைக்...”

கிரிஜா மறுபடி மைக்கைப் பிடித்தாள்.

“பூர்ணாவுக்கு நன்றி. மத்தவங்களுக்கெல்லாம் அம்பது வருஷமாச் சொல்லியாச்சு” என்றாள். பிறகு ஷோபாவைப் பார்த்து, “இப்ப பாட்டப் போடும்மா” என்றாள்.