மேட்டுத் தெருவின் நீளம்

கணினியில் கேள்வியைத் தட்டி முடித்தாலும் உடனே பொத்தானை அமுக்க மாட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தையல் நூலை எடுத்து, திரையில் தெரியும் நீலக் கோட்டின் மேல் வளைவுக்கு வளைவு விரலால் அழுத்தி வைப்பார். "முந்நூறு மீட்டர் இருக்கும்" என்று முணுமுணுத்த பிறகுதான் கணினிக்கு வாய் திறக்க அனுமதி. அலுவலகத்தில் இவருக்கு 'நூல்காரம்மா' என்று பெயர்.

குடிநீர் அலுவலகத்தில் குழாய்களின் நீளம் சொல்வது இவர் வேலை. போட்ட குழாய், போடப்போகும் குழாய் எல்லாம் டேட்டாபேஸில் கோடுகளாகக் கிடக்கின்றன. இந்தக் கோடு எத்தனை மீட்டர் என்று கேட்டால் நொடியில் பதில் வரும். அதை நம்பித்தான் குழாய் வாங்குகிறார்கள்.

"அது பொய் சொல்லாதுங்க. ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றார் என்னிடம்.

போன தடவை மேட்டுத் தெருவுக்குக் கேட்டபோது ஒன்றை மறந்துவிட்டார். வரைபடம் தெருவை மேலேயிருந்து பார்க்கிறது. அதற்கு ஏற்றம் தெரியாது. தட்டையாக அளந்த நீளத்துக்கே குழாய் வாங்கினார்கள். ஏற ஏறத் தீர்ந்துபோய், கடைசி வீட்டுக்கு ஒரு குழாய் குறைந்தது. அந்த வீடு, தேடிப் பிடித்தாற்போல, இவருடைய அண்ணன் வீடு.

"என் நாத்தனார் ஊருக்கெல்லாம் குழாய் குடுத்தா. எனக்கு மட்டும் வாளி குடுத்தா" என்று அண்ணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, இவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"திட்டினாக்கூடப் பரவால்ல. பேசவே மாட்டேங்கறாங்க" என்னும்போது இவர் குரல் இறங்கிவிடுகிறது. அதிலிருந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஏற்றத்தை அளப்பதுபோலக் கைப்பிடியை அடியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே வருகிறாராம். பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஒவ்வொரு வளைவின் உயரத்தையும் சேர்த்து அதே கேள்வியைக் கேட்டார். ஆறு மீட்டர் கூடி வந்தது. சரியாக ஒரு குழாயின் நீளம். அதற்குத் தனியாக ஆர்டர் போட்டார்கள்; அது வந்து சேரும்வரை அண்ணி வாளி சுமந்தார்.

நான் போயிருந்த காலையில்தான் மேட்டுத் தெருவில் அதை இணைத்துக்கொண்டிருந்தார்கள். நூல்காரம்மாவுக்கு வேலை ஓடவில்லை. டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. கைபேசி அடித்ததும் பதற்றத்தில் எடுத்ததில் அழைப்பு ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது.

"கேக்குதா?" என்றார் அண்ணி.

இவர் கைபேசியைத் தூக்கி, திரையில் மேட்டுத் தெருவின் நீலக் கோடு முடிகிற இடத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார்.